தானியங்கிப் பட்டியலில் வராத மின்னோட்டப் படலம்: புதுச்சேரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் 2024-25 கல்வியாண்டில் முதுகலை இரண்டாமாண்டு மாணவர் இருவர் செய்த திட்டப்பணி பற்றியது இந்தப் பதிவு. ஒருவர் உள்ளூர்க்காரர். மற்றவர் கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோன மாணவி. வழிகாட்டியாக ஒரு பேராசிரியர் இருந்தார். 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மேசைக் கணினி, ஒரு யு.பி.எஸ்., பைத்தான் நிரல்: அவர்களிடம் இருந்த வசதி இவ்வளவுதான். தரவு, நாசாவின் விண்ட் விண்கலம் அளந்த காந்தப்புலம். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

சூரியனிலிருந்து இடைவிடாமல் வெளிவரும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம்தான் சூரியக் காற்று. அதில் காந்தப்புலத்தின் திசை சில இடங்களில் மெல்ல மாறுவதில்லை, சட்டென்று திரும்பிவிடுகிறது. புலம் அப்படித் திரும்பும் மெல்லிய அடுக்கில் மின்னோட்டம் பாய்ந்தாக வேண்டும் என்பது ஆம்பியர் விதி. அந்த அடுக்குதான் மின்னோட்டப் படலம். ஆய்வகப் பேச்சில் ‘கரண்ட் ஷீட்’. பூமியின் தொலைவில் சூரியக் காற்று வினாடிக்கு ஏறத்தாழ 400 கி.மீ. வேகத்தில் வீசுகிறது, புலம் 5 நானோடெஸ்லா அளவில் இருக்கிறது. 1,200 கி.மீ. தடிப்பில் 5 நானோடெஸ்லா மாற்றம் நடந்தால், சதுர மீட்டருக்கு 3.3 நானோஆம்பியர் மின்னோட்டம் என்று கணக்கு வரும். அந்தப் படலம் நேராக எதிர்ப்பட்டால், விண்கலத்தைக் கடந்துபோக அதற்கு 3 வினாடி போதும்.

தென்பெண்ணை கடலில் சேரும் தாழங்குடாப் பக்கம் மழைக்காலத்தில் படகில் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். செந்நீரும் கடல்நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரு கோட்டில் முட்டி நிற்கும். படகு அந்தக் கோட்டைத் தாண்டும் கணம் நன்றாகத் தெரியும். ஆனால் கோடு குறுக்காக ஓடுகிறதா சாய்வாக ஓடுகிறதா என்பதை, கீழே பார்த்தபடி இருக்கும் ஒரே படகுக்காரரால் சொல்ல முடியாது. ஒற்றை விண்கலத்துக்கும் அதே குறைதான்.

திட்டத்தின் கேள்வி எளிமையானது: ஒரு நாளில் இத்தகைய படலங்கள் எத்தனை கடந்துபோகின்றன, அந்த எண்ணிக்கை வேகக் காற்றிலும் மந்தக் காற்றிலும் மாறுகிறதா?

தரவும் முறையும்

ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரியிலிருந்தே சூரியனுக்கும் பூமிக்கும் இடையே பூமியோடு சேர்ந்தே நகரும் எல்-1 புள்ளியைச் சுற்றி வருவதால், அதன் தரவிலேயே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. பலர் பல ஆண்டுகள் அலசிய கருவியில் முறையைச் சோதித்துவிட்டுப் புதியதற்குப் போகலாம் என்றார் வழிகாட்டி. விண்ட் 1994 நவம்பரில் ஏவப்பட்டது. ஆனால் 2004-க்குப் பிறகுதான் எல்-1 அருகே நிலைத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அது பூமிக்கு அருகே பல முறை வந்துபோனது. அங்கே, பூமியின் காந்தப்புலத்தில் சூரியக் காற்று மோதி வேகம் குறையும் ‘வில் அதிர்ச்சி’ என்ற எல்லையிலிருந்து கிளம்பும் அலைகள் சூரியக் காற்றின் குணம்போலவே தரவில் பதிவாகியிருக்கும். எனவே பழைய தரவைத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவானது. இதில் பின்னால் எந்தச் சிக்கலும் எழவில்லை.

கண்டறியும் முறையாக பி.வி.ஐ. (Partial Variance of Increments) எனப்படும் அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கால இடைவெளியில் உள்ள இரு புல வெக்டர்களைக் கழித்து, வித்தியாசத்தின் பருமனை எடுக்க வேண்டும். அதே பகுதியில் உள்ள எல்லா வித்தியாசங்களின் இருமடிச் சராசரி மூலத்தால் அதை வகுக்க வேண்டும். விடை 3-ஐத் தாண்டினால் அந்த இடம் படலமாக இருக்கலாம். மூன்று திசைக்கூறுகளும் சமமாகவும் ஒன்றையொன்று சாராமலும் மணி வடிவக் காஸியப் பரவலில் இருந்தால், 3-ஐத் தாண்டும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஆறு அளவுதான். 3 வினாடிக்கு ஒரு புள்ளி வீதம் ஒரு நாளைக்கு 28,800 புள்ளிகள். அவற்றில் ஒன்றுகூடத் தற்செயலாகத் தாண்டாது என்றே கொள்ளலாம். தாண்டியதெல்லாம் உண்மையான படலம் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. ஒரு நாள் முழுக்கக் காற்று ஒரே குணத்தோடு வீசும் என்று அந்தக் கணக்கு தன்னுள்ளே வைத்திருந்த அனுமானம் அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

முதல் நிரலில் இடைவெளி 3 வினாடி, வகுக்கும் அளவுக்கான பகுதி ஒரு நாள், எல்லை 3.

முதல் முடிவுகளும் முதல் சந்தேகமும்

நிரல் தடையில்லாமல் ஓடியது. ஒவ்வொரு நாளும் பட்டியல் வந்தது; நாளுக்கு நாள் எண்ணிக்கையில் பெரிய ஏற்றத்தாழ்வும் இல்லை. “ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வரும்போல சார்” என்றார் மாணவர். இதையே முதல் கட்ட அறிக்கையில் ஒரு முடிவாகவும் எழுதிவிட்டார்கள்: காற்றின் வேகம் எதுவானாலும் படலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறிலி.

அறிக்கையைப் படித்த வழிகாட்டி, எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு வார வரைபடத்தைக் கேட்டார். அதில் புலத்தின் திசைக்கோணம் 135 பாகையை ஒட்டி நாள்கணக்கில் நின்று, பிறகு 315 பாகைக்குத் தாவியிருந்தது. பூமியை மையமாகவும் சூரியத் திசையை முதல் அச்சாகவும் கொண்ட ஜி.எஸ்.இ. அச்சில் முன்னது சூரியனிலிருந்து வெளிநோக்கிய புலம், பின்னது உள்நோக்கியது. ஆக, அந்தத் தாவல் சூரிய மண்டலம் முழுவதையும் இரண்டாகப் பிரிக்கும் சூரியக்கோள மின்னோட்டப் படலத்தின் கடப்பு. இதே விண்கலத்தின் எலெக்ட்ரான் தரவும் அதை உறுதிசெய்தது: புலத்தின் திசையோடு ஓடிக்கொண்டிருந்த அதிவேக எலெக்ட்ரான்கள் அந்த இடத்திலிருந்து புலத்துக்கு எதிர்த்திசையில் ஓடின.

இருப்பதிலேயே பெரிய மின்னோட்டப் படலம் இது. மாணவர்களின் பட்டியலில் இது இல்லை.

காரணம் தேடியபோது

பெரிய படலம் தப்பியதற்கு அதன் பருமனே காரணம். சூரியக்கோளப் படலத்தின் தடிப்பு பூமியின் தொலைவில் 10,000 கி.மீ. அளவு. 400 கி.மீ. வேகத்தில் அது கடந்துபோக 25 வினாடி ஆகும். புலம் +5-இலிருந்து −5 நானோடெஸ்லாவுக்குத் திரும்பினாலும், 3 வினாடியில் தெரியும் மாற்றம் 1.2 நானோடெஸ்லாதான். அன்றைய வகுக்கும் அளவு 0.5 நானோடெஸ்லா என்றால் விடை 2.4, எல்லைக்குக் கீழே. வலையின் கண் சிறியதானால் பெரிய மீன் தப்பாது என்பது கடலில் சரி. இங்கே கால இடைவெளி வேறு மாதிரி வேலை செய்கிறது: தன் அளவை ஒத்த தடிப்பைத்தான் அது நன்றாகப் பிடிக்கும், மிகத் தடித்ததைச் சரிவாக மட்டும் பார்த்து விட்டுவிடும்.

அடுத்து, அந்த ‘மாறிலி’. ஒவ்வொரு தேர்விலும் முதல் பத்துப் பேருக்குப் பரிசு என்று வைத்தால், கேள்வித்தாள் கடினமானாலும் எளிதானாலும் பத்துப் பேர்தான் பரிசு வாங்குவார்கள். ஒவ்வொரு நாளையும் அந்த நாளின் சராசரியாலேயே வகுத்து, அதன் மூன்று மடங்கைத் தாண்டியதை எண்ணும் முறையும் ஏறக்குறைய இதேதான். மாறிலியாக இருந்தது வித்தியாசங்களின் பரவல் வடிவம். காற்றைப் பற்றிய செய்தி அதில் மிகக் குறைவு.

இதன் இன்னொரு முகம் 2024 மே 10-ஆம் தேதித் தரவில் தெரிந்தது. அன்று எல்-1 பகுதியை ஒரு பெரும் அதிர்ச்சி அலை தாக்கியது. பூமியில் கடும் காந்தப்புயல் எழுந்தது. அலை வந்தது உலக நேரம் மாலை 5 மணிக்குச் சற்று முன். நம் நேரத்தில் இரவு 10 மணி சுமார். அதற்கு முந்தைய பதினாறரை மணி நேரத்துக்கு முதல் நிரல் கிட்டத்தட்ட எதையுமே தரவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் புரியும். அமைதியான பகுதியின் வித்தியாச அளவு 0.4, புயல் பகுதியுடையது 4 நானோடெஸ்லா என்று கொண்டால், நாள் முழுமைக்குமான வகுக்கும் அளவு 2.25 அளவுக்கு வரும். எல்லை 6.75 நானோடெஸ்லா! 5 நானோடெஸ்லா புலம் மூன்று வினாடிக்குள் ஏறக்குறைய செங்கோணம் அளவுக்குத் திரும்பினால் ஒழிய அமைதிப் பகுதியில் எதுவும் தேறாது. மறுபக்கம், புயல் பகுதியின் சாதாரண அலைகள்கூடப் பட்டியலில் ஏறின. அமைதியும் ஆரவாரமும் ஒரே பகுதியில் கலந்தாலே பரவலின் வால் நீளும். அதற்குப் படலம் ஒன்றுகூடத் தேவையில்லை.

(இந்த நாளை ஆராய்ந்தபோது ஒரு வரைபடம் இந்திய நேரத்திலும் மற்றது உலக நேரத்திலும் இருந்ததால், ஐந்தரை மணி நேரம் தள்ளி ‘முன்னறிகுறி’ ஒன்று தெரிந்தது. ஒரு பிற்பகல் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகு நேரம் எல்லாமே உலக நேரம்தான்.)

மூன்று வினாடிக்கு ஒரு முறை

மெல்லிய படலங்களைப் பார்க்க வேண்டி, 0.092 வினாடிக்கு ஒரு அளவு தரும் உயர்நுணுக்கத் தரவுக்கு மாறினார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9.4 லட்சம் வரி. இடைவெளி அரை வினாடியளவு. எண்ணிக்கை எகிறியது.

ஒரு கண்டறிதலுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரத்தை வரைபடமாக்கியபோது 3 வினாடியில் ஒரு கூர்முனை, 6-இல் சிறியது ஒன்று, 9-இல் அதைவிடச் சிறியது. சூரியனுக்கு மூன்று வினாடிக் கணக்கு கிடையாது. விண்ட் விண்கலம் தன் அச்சில் ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரம் 3 வினாடி. சுழற்சித் தளத்தில் உள்ள உணரியில் பூஜ்ஜியப் பிழை மிச்சம் சிறிது இருந்தாலும், அது நிலையான அச்சுக்கு மாற்றப்படும்போது சுழலும் சிறு வெக்டராகத் தரவில் ஏறிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சுழலும் அந்த வெக்டரின் வித்தியாசம் எப்போதும் ஒரே பருமன் உடையது. தனியாக அது எந்த முனையையும் எழுப்பாது. உண்மையான படலம் ஒன்று எல்லை மதிப்பை ஒட்டிக் கடக்கும்போது, இது சுற்றுக்கு ஒரு முறை அதோடு கூடும், ஒரு முறை கழியும். எல்லைக்கு மேலும் கீழுமாக விடை ஆடும். பத்து வினாடி நீளப் படலம் ஒன்று மூன்றாகப் பட்டியலில் விழுந்தது இப்படித்தான். 3 வினாடி இடைவெளியில் கழித்தால் முழுச் சுற்று தானாக அடிபட்டுப்போகிறது. அதனால்தான் முதல் நிரலில் இந்தக் கோளாறு தலைகாட்டவில்லை. ஒன்றரை வினாடி இடைவெளி எடுத்திருந்தால் பிழை இரு மடங்காகி உடனே தெரிந்திருக்கும்.

தரவில் உள்ள ஓட்டைகள்

பழைய கோளாறுகளும் இருந்தன. அளவு இல்லாத இடத்தில் கோப்பில் −1 பெருக்கல் 10 அடுக்கு 31 என்ற நிரப்பெண் நிற்கும். அதை நீக்காமல் விட்ட நாள்களில் வகுக்கும் அளவு வானத்துக்குப் போய், ஓட்டையின் இரு ஓரங்களைத் தவிர எதுவும் தேறவில்லை. நீக்கிய பிறகு, முந்தைய மதிப்பையே இழுத்து நிரப்பினார் மாணவர். ஓட்டை முடியும் இடத்தில் படி ஒன்று உருவாகி அதுவும் ‘படலம்’ ஆனது. நிரப்பாமலே விட்டு வரிசை எண்ணால் கழித்தபோது, நாற்பது வினாடி ஓட்டைக்கு இருபுறமும் உள்ள புள்ளிகள் மூன்று வினாடி இடைவெளிக்காரர்களாகக் கணக்கில் சேர்ந்தன. முடிவில் வைத்துக்கொண்ட வழி: எதையும் நிரப்புவதில்லை, இரு புள்ளிகளின் நேர முத்திரை வித்தியாசம் கேட்ட இடைவெளிக்கு அரைப் புள்ளி அளவுக்குள் பொருந்தினால் மட்டுமே கழித்தல்.

இந்த வரிசையில் கடைசியாக அகப்பட்டது உள்ளூர்க் காரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ஓராண்டுத் தரவு ஓடிக்கொண்டிருந்த கணினி, யு.பி.எஸ். தீர்ந்ததும் நின்றது. மின்சாரம் திரும்பியதும் நிரலை மறுபடி ஓடவிட்டார்கள். முடிவுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த நாளைத் தாண்டிப் போ என்று நிரலில் ஒரு வரி இருந்தது. பாதி எழுதப்பட்டு நின்ற கோப்பும் ‘இருக்கும்’ கோப்புதான். நான்கு நாள்களை இணையாக ஓட்டியிருந்ததால் நான்கு நாள்களின் பிற்பகுதி வெறுமையாயிற்று. பார்வைக்கு அது அமைதியான காற்று. ஒவ்வொரு நாளும் கடைசிக் கண்டறிதல் எப்போது என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் நான்கும் தனித்து நின்றன. இப்போது தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசி வரியில் மொத்தப் புள்ளி எண்ணிக்கையைச் சேர்த்து, பிறகே உரிய பெயர் சூட்டுகிறார்கள்.

எடுத்த முடிவுகள்

கால இடைவெளி ஒன்றோடு நிற்காமல் 3, 6, 12, 24, 48, 96 வினாடி என ஆறாக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். ஒரே படலம் பல பட்டியல்களில் வரலாம், பி.வி.ஐ. மிக உயர்ந்த இடைவெளியில் அதை வைத்துக்கொண்டு மற்றவற்றில் சுட்டு மட்டும். ஒரு பட்டியலுக்குள் இடைவெளியைவிட நெருங்கி விழுந்தவை ஒன்றாக இணைக்கப்பட்டன.

வகுக்கும் அளவுக்கு 6 மணி நேர நகரும் பகுதி. சூரியக் காற்றுப் புலத்தின் தொடர்பு நேரம் (ஒரு கணத்துப் புலம் பின்னால் வருவதோடு ஒத்திருக்கும் காலம்) ஒரு மணி நேர அளவில் இருப்பதால், அதைவிடப் பல மடங்கு நீளம் வேண்டும். நாள் அளவுக்கு நீண்டால் வேறு வேறு காற்றுகள் கலந்துவிடும். ஆறு என்பது இவ்விரண்டுக்கும் நடுவே எடுத்த சமரசம். எட்டாக வைத்தாலும் வாதாடலாம். அதிர்ச்சி அலை உள்ள இடங்களில் பகுதியைக் கையால் இரண்டாக வெட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பி.வி.ஐ.யோடு நானோடெஸ்லாவில் மாற்றமும் மின்னோட்ட அடர்த்தியும் பட்டியலில் சேர்ந்தன. நாளை நாளோடு ஒப்பிட அந்த நேரடி அளவுகள் மட்டுமே பயன்படும் என்று வழிகாட்டி கறாராகச் சொன்னார்.

படலத்துக்கு முன்னும் பின்னும் புலத்தின் சராசரித் திசை எடுத்து, சுழற்சிக் கோணம் 30 பாகைக்குக் குறைந்தால் நீக்கம். பக்கங்களின் சிதறலைவிட மாற்றம் பெரிதாக இல்லாவிட்டாலும் நீக்கம்; போய்த் திரும்பும் அலைகள் இதில் கழிந்தன. கோண எல்லையில் சிக்கினாலும் மற்றவைபோல நீக்கிவிட முடியாதது காந்தக் குழி: திசை மாறாமல் புலத்தின் பருமன் மட்டும் விழுந்து எழும் இடம். முதல் நிரல் அதன் இரு விளிம்பையும் இரு படலமாக எண்ணியது. விளிம்பில் மின்னோட்டம் உண்மையிலேயே பாய்கிறது என்பதால் அதை முற்றாகத் தவறு என்று சொல்ல முடியாது. தனி வகையாகக் குறித்து, எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டார்கள்.

படலத்தின் செங்குத்துத் திசையைக் காண, புலம் மிகக் குறைவாக மாறும் திசையைத் தேடும் குறைந்த மாறுபாட்டுப் பகுப்பாய்வுதான் பாடப்புத்தக வழி. ஆனால் ஐரோப்பாவின் க்ளஸ்டர் திட்டத்தின் நான்கு விண்கலங்களைக் கொண்டு சரிபார்த்தவர்கள், சூரியக் காற்றில் அந்தத் திசை பல நேரம் பிசகுவதையும், இரு பக்கப் புலங்களின் வெக்டர் பெருக்கல் தரும் திசை நன்றாகப் பொருந்துவதையும் காட்டியிருக்கிறார்கள். எனவே வெக்டர் பெருக்கலே முதன்மை. அந்தப் பகுப்பாய்வு தரும் நடு, கடை ஐகன் மதிப்புகளின் (அந்தந்தத் திசையில் புலம் மாறும் அளவுகளின்) விகிதம் 10-க்கு மேல் உள்ளவற்றில் மட்டும் மற்றதை ஒப்பிட்டார்கள். அந்தத் திசைக்கும் காற்றின் திசைக்கும் இடையே 60 பாகைக்கு மேல் இருந்தால் தடிப்பு கணக்கிடப்படவில்லை. உரசிக்கொண்டு போகும் படலத்தில் கோணத்தின் சிறு பிழையும் தடிப்பைப் பல மடங்கு மாற்றிவிடும்.

உயர்நுணுக்கத் தரவில் அரை வினாடி வேலை நிறுத்திவைக்கப்பட்டது. 3 வினாடியின் மடங்குகளான இடைவெளிகள் மட்டுமே அங்கும் அனுமதி. மெல்லிய படலங்களைப் பிடிக்கவே அந்தத் தரவுக்குப் போனதால், இது உண்மையான இழப்புதான்.

கண்ணால் குறித்த பட்டியல்

ஓராண்டிலிருந்து 24 தனித்தனி மணி நேரங்களைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். புயல் நாள்களைத் தேடிப் பொறுக்கவில்லை. மாணவர் இருவரும் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் கண்ணால் படலங்களைக் குறித்தார்கள். பெரியவற்றில் இருவரும் ஒத்துப்போனார்கள். சண்டை வந்தது இரு இடங்களில்: காந்தக் குழிகள், அடுத்தடுத்து வரும் அலை வரிசையின் செங்குத்தான ஓரங்கள். அலையின் ஓரம் கூர்மையாகிப் படலம் ஆவதும் உண்டு என்பதால், யார் சரி என்று புத்தகத்தைப் பார்த்துத் தீர்க்க வழியில்லை. மூன்றாவதாக வழிகாட்டி பார்த்தார். அவராலும் முடியாதவை ‘முடிவில்லை’ என்று நின்றன.

கூடவே இன்னொரு சோதனை. அமைதியான மணி நேரங்களில், தடிப்பு தெரிந்த செயற்கைப் படலங்களை ஹைப்பர்போலிக் டேன்ஜென்ட் வடிவில் (ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சீராக மாறும் வளைகோடு) கலந்து, நிரல் அவற்றைத் திரும்பத் தருகிறதா என்று பார்த்தார்கள். 500 கி.மீ. முதல் 20,000 கி.மீ. வரை. 3 வினாடிப் பட்டியல் தடித்தவற்றை வரிசையாகத் தவறவிட்டது கண்ணெதிரே தெரிந்தது. முதல் வாரத்தில் செய்திருந்தால் அரை நாள் வேலை. செய்தது ஐந்தாவது மாதத்தில்.

விளைவு

புதிய ஓட்டத்தில், வழிகாட்டி சுட்டிய சூரியக்கோளப் படலக் கடப்பு 24, 48 வினாடிப் பட்டியல்களில் தெளிவாக வந்தது. மூன்று வினாடிக் கூர்முனை மறைந்தது. மே 10-இன் அமைதிப் பகுதியில் படலங்கள் மீண்டன. நேரடி அளவுகளில் எண்ணியபோது நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடிக்குறைந்தது. எனவே ‘மாறிலி’ என்ற முதல் முடிவு திரும்பப் பெறப்பட்டது. வேகக் காற்றில் கூடுகிறதா என்ற மூலக் கேள்விக்கு இறுதி அறிக்கை நேர்விடை தரவில்லை. ஒரு வினாடியில் வேகக் காற்று அதிக நீளத்தைக் கடத்துகிறது. ஆகவே ஒரே நேர இடைவெளி வேகக் காற்றில் தடித்த படலத்தையும் மந்தக் காற்றில் மெல்லியதையும் பிடிக்கிறது. இடைவெளியைக் கிலோமீட்டரில் நிலையாக வைத்து ஒப்பிட வேண்டும். அதற்குள் சமர்ப்பிக்கும் நாள் வந்துவிட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கண்ணால் குறிக்கும் வேலையும் செயற்கைப் படலச் சோதனையும் நிரல் எழுதுவதற்கு முன்பே முடிய வேண்டும். நிரலைப் பார்த்த பிறகு குறிப்பவரின் கண் நிரலின் பக்கம் சாயும். இந்த 24 மணி நேரத்திலும் அந்தச் சாய்வு ஓரளவு இருக்கக்கூடும். எண்ணிக்கையைச் சொல்லும் முன் கண்டறிதல்களுக்கு இடைப்பட்ட நேரத்தின் வரைபடம் கட்டாயம். இடைவெளியைக் கிலோமீட்டரிலோ புரோட்டான் நிலைம நீளத்திலோ (காற்றின் அடர்த்தியைப் பொறுத்து மாறும் இயல்பான நீள அளவு) வைக்க வேண்டும். கன சென்டிமீட்டருக்கு 5 புரோட்டான் என்றால் அந்த நீளம் ஏறத்தாழ 100 கி.மீ. இதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் வேகமும் அடர்த்தியும் உடன் வேண்டும் என்பதால், காந்தப்புலக் கோப்போடு பிளாஸ்மா கோப்பையும் ஆரம்பத்திலேயே இறக்கிக்கொள்வது நல்லது.

கண்ணால் குறித்த கோப்பு அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘முடிவில்லை’ என்ற குறிகள் அழிக்கப்படவில்லை. ஆதித்யா எல்-1 தரவில் இதே நிரலை ஓட்டும் வேலை அவர்களுடையது.